கொக்குக்கு வாய் கொடுத்த குரல்

கணவர் ஜெகதீசனை விட்டுவிட்டு வந்த இந்திராணி, சாலிகிராமத்தில் தானே தேடிப் பிடித்த இரண்டாம் மாடி வீட்டில், பால் காய்ச்சி, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்ற கணக்கு கை மறந்துபோனதால் இரண்டு ஆளுக்குப் போட்டு, பருப்பும் மிளகும் உப்பும் சேர்த்துப் பொங்கலுக்குக் குக்கரை ஏற்றிய அன்று, அந்தக் குக்கர் விசில் அடிக்க வேண்டிய நேரத்தில் விசில் அடிக்காமல், "உப்பு ஜாஸ்தியாப் போட்டிருப்பியே இந்தும்மா" என்று சொன்னது. இந்திராணி அடுப்பை அணைத்தாள். ஆவி அடங்கியதும் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றிக் கிளறிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

குரல் ஜெகதீசனுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆள் அம்பத்தூரில் இருந்தார், அவர் தொண்டையில் அவர் குரல் பத்திரமாக இருந்தது, போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. எப்படி வந்தது, எந்த மூட்டையில் ஏறி வந்தது என்று யாரும் ஆராயவில்லை. வீடு மாறும்போது கூடவே பல்லி வருவதில்லையா, கரப்பான் வருவதில்லையா, அப்படி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கத்த மாட்டார். கை நீட்டியதே இல்லை. நீட்டியிருந்தால் ஊருக்குக் காட்ட ஒரு காயமாவது இருந்திருக்கும், அந்தப் புண்ணியத்தைக்கூட அவர் கட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக, கனிவாக, காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவார். "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார், தோழிகள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். "அந்தக் கலர் உனக்கு எடுக்காதும்மா" என்பார், பச்சைப் புடவைகள் எல்லாம் பரணுக்குப் போயின. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. இப்படியே பதினோரு வருஷம். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த இந்திராணிக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பசிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அவருக்கு போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார் என்று போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே விறைத்துப் போனாள். எனக்குப் பசிக்குதான்னு அவரைக் கேட்கப் போனேனே, என்ன ஆச்சு எனக்கு என்று பயந்துபோய், வந்த பஸ்ஸில் ஏறாமல், வீட்டுக்குத் திரும்பி, ஒரு பையும் குக்கருமாக வெளியே வந்துவிட்டாள்.

வந்தாளா, குரலும் வந்தது. குக்கரில் ஆரம்பித்து, மிக்ஸி ஜாருக்குப் போய், அங்கிருந்து குளியலறை வாளிக்குப் போய், சில நாளில் அவள் தோள்பையிலேயே ஏறிக்கொண்டு கடைக்கும் வந்தது. கத்தரிக்காயைப் பொறுக்கினால் "சொத்தையா எடுக்கிறியே" என்றது. கண்ணாடி முன் நின்றால் ஒன்றும் சொல்லாமல் "ம்" என்று மட்டும் இழுத்தது. அந்த "ம்" இருக்கிறதே, அதற்கு நாலு வார்த்தை திட்டியே தொலைக்கலாம்.

கீழ்வீட்டு ஜுபைதா தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவள். மேலே ஆண் குரல் கேட்கிறதே என்று ஒருநாள் ஊசியும் நூலும் கையுமாக ஏறி வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வந்தாரு?"

"அவர் வரலக்கா. குரல் மட்டும்தான் வந்திருக்கு."

"அப்படியா. சாப்பாடெல்லாம் கேக்குமா?"

"அதெல்லாம் கேக்காது. குறை மட்டும்தான் சொல்லும்."

"அப்ப தேவலை. எங்க வீட்டு ஆளு சாப்பிட்டுட்டு இல்ல குறை சொல்வாரு" என்று சொல்லிவிட்டு ஜுபைதா தரையில் உட்கார்ந்து, ஜன்னல் ஓரம் இருந்த எவர்சில்வர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். டம்ளர் "வணக்கம்மா" என்றது. வெளி ஆட்களிடம் அது எப்போதும் மரியாதைதான். ஜுபைதா கையில் இருந்த பட்டன்களை டம்ளருக்குள் கொட்டினாள். குரல் அங்கிருந்து கிளம்பிப் பக்கத்து சொம்புக்குப் போனது. சொம்பில் தண்ணீர் பிடித்தாள். தூக்குவாளிக்குப் போனது. "பாத்தியா, காலியா இருக்கிற எடத்துலதான் இது குந்துது" என்றாள் ஜுபைதா.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எதையும் காலியாக வைக்கக் கூடாது என்று ஆனது. இந்திராணி ஜாடிகளில் பொரியை நிரப்பினாள், வாளிகளில் தண்ணீர் தளும்ப வைத்தாள், தோள்பையில் பழைய பேப்பரைத் திணித்தாள், செருப்புக்குள் துணி வைத்தாள். நிரப்ப முடியாத பாத்திரம் இருந்தால் ஜுபைதா வாங்கிப்போய் வெட்டுத்துணி அடைத்துத் தந்தாள். மூன்றாம் மாடியில் இருந்து இட்லி மாவு கடன் கேட்டு வந்தவர்கள் காலிக் கிண்ணத்தோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களும் கோபித்துக்கொள்ளாமல், கிண்ணத்தில் நாலு கறிவேப்பிலையாவது போட்டு எடுத்துவரப் பழகிக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை. நிரப்பி நிரப்பி இந்திராணிக்கு இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் எங்கேயாவது ஒரு மூடியாவது மிச்சம் இருந்துவிடும், அதில் உட்கார்ந்துகொண்டு அது பேசும்.

எல்லாரும் அவள் பக்கம் நின்றார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளருமான சம்பந்தம், குரலோடு சிநேகமாகிவிட்டார். மாடிப்படியில் காலியாகக் கிடந்த பூந்தொட்டியில் அது வந்து தங்கும்போது, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு மோட்டார் ரிப்பேரைப் பற்றியும் ஊர் கெட்டுப்போனதைப் பற்றியும் பேசினார். குரல் அவரைச் "சார் சார்" என்றது. அவர் குளிர்ந்துபோனார். "தங்கமான மனுஷன்மா. குரலையே அனுப்பி வச்சிருக்கார்னா உன் மேல எவ்வளவு பாசம் இருக்கணும். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்று இந்திராணியை நிறுத்தி வைத்துச் சொன்னார். அவள் "சரி சார்" என்றாள். அந்தச் "சரி" வாயில் இருந்து வந்த பிறகு, படியேறும்போது, தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வீட்டோடு நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குரல் வேலைக்கும் வந்ததுதான் வினை.

இந்திராணி டப்பிங் பேசுகிறவள். வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர் ஒன்று, குளத்தில் வாழும் பிராணிகளின் கதை, ஞாயிறு காலையில் தமிழில் வரும். அதில் வரும் பொம்மி என்ற ஆமைக்குட்டிக்கு ஆரம்பத்தில் இருந்து அவள்தான் குரல். ஊரில் பாதிப் பிள்ளைகள் பொம்மி சொன்னால்தான் பால் குடித்தார்கள், பொம்மி சொன்னால்தான் பல் விளக்கினார்கள். ஜெகதீசன் விருந்தாளிகளிடம் "இவ வாயைத் திறந்தா சின்னப்பிள்ளைக் குரல்தான் வரும், விவரமும் அதே அளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஆனால் அந்த வாய்ஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஆமை வாய் திறக்கும்போது தானும் திறந்து, மூடும்போது தானும் மூடி நிற்கும் நேரத்தில் மட்டும், தான் யார் என்று இந்திராணிக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அந்த ஒரு அறைதான்.

அந்த அறையைப் பார்த்தால், நாலு பக்கமும் பஞ்சு மெத்தை அடித்த காலி அறை. குரல் விடுமா? ஒவ்வொரு டேக் முடிந்ததும் "மூச்சு பிடிக்கல பார்" என்றது. சவுண்ட் எஞ்சினியர் ஆல்வின், நாகர்கோவில் பையன், பொறுமைசாலி, அதை வெட்டி வெட்டி எடுத்தான். குரல் அதைப் புரிந்துகொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திராமல் பேச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. அதை எப்படி வெட்டுவது? முந்தின எபிசோடில் பொம்மி "வாங்க விளையாடலாம்" என்று கூப்பிட்டபோது அடியில் ஒரு ஆண் குரல் "உனக்கு எதுக்கு" என்று கேட்டது அப்படியே சேனல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. வசனம் எழுதி, டப்பிங்கையும் நடத்துகிற பார்கவி மேடம் அவளை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"இந்திராணி, நான் சுத்தி வளைக்கல. இந்த எபிசோடும் இப்படிப் போச்சுன்னா பொம்மிக்கு வேற ஆள் போடச் சொல்லிட்டாங்க. என்னால தடுக்க முடியாது."

"எனக்கு வேற எதுவும் இல்ல மேடம்."

"தெரியும். அதான் முன்னாடியே சொல்றேன்."

அந்த எபிசோடு எது என்று பாருங்கள். குளத்துக்கு ஒரு கொக்கு வருகிறது. பொம்மியோடு சிநேகமாகிறது. "நீ நடக்கிறதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் மட்டும்தான் சிரிக்கலை" என்கிறது. தவளைகளோடு சேராதே என்கிறது. வெயிலில் போகாதே என்கிறது. பொம்மி ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்து, கடைசியில் தலையையும் இழுத்துக்கொண்டு, ஓடாகக் கிடக்கிறாள்; தவளைகள் கல் என்று நினைத்து அவள் மேல் உட்கார்ந்து, பொம்மி எங்கே போனாள் என்று பேசிக்கொள்கின்றன. அதைக் கேட்டு, ஒரு காலை நீட்டி, பயந்து இழுத்து, மறுபடி நீட்டி, எபிசோடு முழுக்க அவள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதுதான் கதை. நடுவில் நடுவில் கொக்கு வந்து, நீண்ட அலகை ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்கிறது.

படத்தை ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். இந்திராணி முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் கேட்டாள். "இதை எழுதறதுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தீங்களா மேடம்?"

பார்கவி அவள் முதுகில் கை வைத்தாள்.

கொக்குக்குப் பேச வேண்டியவர் தொண்டை கட்டி வரவில்லை. சரி, பொம்மியை மட்டும் எடுத்துவிடலாம் என்று இந்திராணியை உள்ளே அனுப்பினார்கள். திரையில் கொக்கு அலகைத் திறந்தது. அதற்கு வசனம் பேச ஆள் இல்லை, வெறும் படம் ஓடுகிறது. அந்த இடத்தில், மைக்குக்குப் பின்னால் இருந்து, யாரும் கேட்காமலே, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று வந்தது. சொல்லச் சொல்ல அலகு அசைந்தது. கிட்டத்தட்ட ஒட்டியே வந்தது.

இந்திராணி மைக்கை விட்டு ஒரு அடி பின்வாங்கினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆல்வினும் பார்கவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும் கற்பூரம் கொளுத்தியிருப்பார்கள், பூசாரிக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள், குறைந்தபட்சம் எழுந்து ஓடியாவது இருப்பார்கள். இவர்கள் டப்பிங்காரர்கள். பிழைப்பே குரல். எங்கேயாவது சாவு வீட்டில் ஒருத்தர் நன்றாக அழுதால்கூட குரல்ல பேஸ் நல்லா இருக்கே என்று நம்பர் வாங்குகிற ஜாதி. "மேடம், கேரக்டருக்கு அப்படியே பொருந்துது" என்றான் ஆல்வின். "இந்த இனிப்பை வேற யாரு குடுப்பா? இவரையே பேச வச்சிடுவோம்" என்றாள் பார்கவி. அது பேயா பிசாசா, இந்திராணியைப் பிடித்த சனியனா என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

கேன்டீனில் இருந்து சோறு கொட்டி வைக்கிற ஒரு அன்னக்கூடையைக் கழுவிக் கொண்டுவந்து, ஸ்டூல் போட்டு, மைக்குக்கு நேராக வைத்தார்கள். குரலுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதெல்லாம் ஒரு வேலையா, வாயைத் திறந்து மூடறது. இவளே பண்றா" என்று சொல்லிக்கொண்டு அன்னக்கூடையில் இறங்கி உட்கார்ந்தது. ஆனால் இந்திராணி எதிரில் இல்லை என்றால் அதற்கு அந்தக் கனிவுப் பேச்சு எழவில்லை. அதனால் அவளைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம், ஆல்வினுக்குப் பக்கத்து நாற்காலியில், குரலுக்குத் தெரிகிற மாதிரி உட்கார வைத்தார்கள். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதல் டேக். போலாம் சார்" என்றான் ஆல்வின்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு சார். ஆனா 'சொல்றேன்'ல கொக்கு வாயை மூடிடுது, நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்க. சுருக்கணும். ஒன் மோர்."

"நான் சரியாத்தான் சொன்னேன்."

"சரியாத்தான் சார் சொன்னீங்க. ஒட்டல. ஒன் மோர்."

மறுபடி சொன்னது. இப்போது சுருங்கி, கொக்கு வாய் மூடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. மறுபடி சொன்னது, ஆரம்பம் பிந்திப்போனது. மறுபடி சொன்னது, பார்கவி குறுக்கிட்டு, "அன்பு பத்தல சார், குழந்தைங்க நம்பணும்" என்றாள். "அன்பு இல்லாமலா சொல்றேன்" என்றது குரல். "உங்களுக்கு இருக்கு சார், மைக்குல வரல" என்றாள் அவள். மறுபடி, மறுபடி, மறுபடி. டீ வந்தது, ஆறிப்போனது. அந்தக் குரலுக்குத் தன் பேச்சைத் திருப்பிச் சொல்லும் பழக்கமே கிடையாது. ஒருமுறை சொல்லும், கேட்டவள் முகம் வாடும், வேலை முடிந்தது. இங்கே ஒருத்தி முகம் வாடினாலும் வேலை முடியவில்லை. சிங்க் அவுட், வாய் ஒட்டல, லெவல் குறைவு, பின்பாதி முழுங்கிட்டீங்க, ஒன் மோர்.

எந்த டேக்கில் இந்திராணி கண்ணைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திறந்தபோது அவள் கை முந்தானையில் இல்லை. ஆல்வினின் இன்னொரு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் கேட்ட வாக்கியம், ஆனால் விழுந்த அடியின் வலியில் இருப்பவளுக்கு அடியை உற்றுப்பார்க்க ஏது நேரம். இன்றைக்குத்தான் அதை அடுத்தடுத்து, சாவகாசமாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த தொழில் காதால் கேட்டாள். 'நல்லதுக்கு' என்ற இடத்துக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. யோசிக்கிற மூச்சு இல்லை, இப்போது வாடுவாளா என்று பார்க்கிற மூச்சு. கடைசியில் 'சொல்றேன்' லேசாக மேலே போனது. பட்டதா என்று எட்டிப் பார்க்கிறது. ஐயோ, இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. இதில் நடிப்பு இவ்வளவு மோசமாக இருக்கிறதே, இதையா நம்பினேன்.

குனிந்து, உள்ளே பேசுகிற பட்டனை அமுக்கினாள். "'நல்லதுக்கு' முன்னாடி மூச்சு விடறீங்க. அங்க வேண்டாம். கடைசி வார்த்தையைத் தூக்காம இறக்கிச் சொல்லுங்க. ஒன் மோர்."

அன்னக்கூடையில் இருந்து, பழைய கனிவோடு, "உனக்கு எதுக்கு இந்தும்மா இதெல்லாம்?" என்று வந்தது.

ஆல்வின் பேப்பரைப் புரட்டினான். "சார், அது அடுத்த சீன் டயலாக். இப்ப வேண்டாம்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, வேலையாகச் சொன்னான். அதுதான் இந்திராணியைத் தூக்கிப் போட்டது. சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. பார்கவியும் சிரித்தாள், என்ன தப்பா சொல்லிட்டேன் என்று விழித்த ஆல்வினும் கடைசியில் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, இந்திராணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தியபோது அவளுக்குப் பசித்தது. யாரையும் கேட்காமல், "எனக்குப் பசிக்குது, ரெண்டு வடை சொல்லுங்க" என்றாள்.

வடை சாப்பிட்டுவிட்டு மிச்ச டேக்குகளை அவளே வாங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, கறாராக வாங்கினாள். குரல் முதலில் முறைத்தது, பிறகு விளக்கம் சொன்னது, பிறகு "இப்ப பரவாயில்லையா" என்று கேட்க ஆரம்பித்தது. கனிவெல்லாம் வடிந்து, வேலையில் களைத்துப்போன யாரோ ஒரு மனுஷரின் சாதாரணக் குரலாக ஆனது. சாயங்காலத்துக்குள் கொக்கின் வசனம் அத்தனையும் ஓகே ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது பொம்மியின் கடைசி சீன். வெளியே வந்துவிட்ட பொம்மி நடந்துபோகிறாள், கொக்கு வழியை மறித்து ஒற்றைக் காலில் நிற்கிறது, பொம்மி ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த ஒரு வரியில் குரல் ஏறி உட்கார்ந்தால் எல்லாம் போச்சு. பொம்மி வேறொருத்திக்குப் போய்விடுவாள். அன்னக்கூடையை வெளியே எடுத்துவிடலாமா என்று கேட்டாள் பார்கவி. எடுத்தாலும் அறை காலிதானே, அது அங்கேயேதான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்திராணி உள்ளே போய், அன்னக்கூடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பயமில்லை என்று பொய் சொல்வானேன், நிறையவே பயமாக இருந்தது.

ஆல்வின் அன்னக்கூடையோடு பேசினான். "சார், ஒரு விஷயம். இந்த சீன்ல கொக்கு வாய் அசையல. குளோஸப்லயும் மூடித்தான் இருக்கு. உங்களுக்கு டயலாக் கிடையாது."

"ஒரு வரிகூடவா?"

"வாய் அசையாத இடத்துல யாரும் பேச மாட்டாங்க சார். இந்த வேலையில அதுதான் முதல் பாடம்."

விளக்கு சிவப்பானது. திரையில் பொம்மி நடந்து வந்தாள், கொக்கு மறித்து நின்றது, அதன் அலகு இறுக மூடியிருந்தது. பொம்மி தலையை நிமிர்த்தினாள். இந்திராணியும் நிமிர்த்தினாள்.

"என் நல்லது எனக்குத் தெரியும். தள்ளு."

கொக்கு தள்ளி நின்றது. பொம்மி போய்க்கொண்டே இருந்தாள், தவளைகள் கத்தின, படம் முடிந்து திரை கறுப்பானது. இந்திராணி ஹெட்போனைக் கழற்றாமல் காத்திருந்தாள். மூச்சு பிடிக்கல என்று வரும். சின்னப்பிள்ளைக் குரல் என்று வரும். ஒன்றும் இல்லாவிட்டால் அந்த "ம்" வரும். அன்னக்கூடை பேசாமல் இருந்தது.

"பின்னாடி ஏதாவது கேக்குதா ஆல்வின்?"

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்கு. ஓகே."

"போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினான். அவள் குரல், அது மட்டும். அழுதுவிட்டாள். துக்கத்தில் இல்லை, இறுகக் கட்டிய ரவிக்கையை வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் ஒரு மூச்சு வருமே, அந்த மாதிரி. அன்னக்கூடை மெதுவாகக் கனைத்து, அவளிடம் இல்லை, ஆல்வினிடம் கேட்டது. "நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"

இந்திராணி அன்று வீட்டுக்குத் தனியாகப் போனாள். தோள்பையில் இருந்த பேப்பரை எல்லாம் வழியில் குப்பைத்தொட்டியில் போட்டாள், பையில் இருந்து சத்தம் வரவில்லை. வீட்டில் பொரியைக் கொட்டிக் கவிழ்த்த ஜாடிகளில் இருந்தும் வரவில்லை. ஜுபைதா வந்து ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் தலையை விட்டு "யோவ்" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "போயிட்டாருடி" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். மாடிப்படிப் பூந்தொட்டிப் பக்கத்தில் சம்பந்தம் இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு அதில் யாரோ ஓமவல்லி நட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எபிசோடு வந்தது. பிள்ளைகளுக்குக் கொக்கைக் கண்டால் ஒரே சிரிப்பு. அடுத்த வாரமே தெருவெல்லாம் ஒற்றைக் காலில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஒன்றையொன்று துரத்தின. சம்பந்தம் சாப்பாட்டு வேளையில் தன் மனைவியிடம் அதே வாக்கியத்தை, முப்பது வருஷமாகச் சொல்கிற அதே மாதிரி சொன்னாராம். பேத்தி சாப்பாட்டை விட்டு எழுந்து ஒற்றைக் காலில் நின்றாளாம். அவர் மனைவி சிரித்த சிரிப்பு இந்திராணி வீடுவரை கேட்டது. அதன்பிறகு அந்தத் தெருவில் அந்த வாக்கியத்தை நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல யாராலும் முடியவில்லை.

குரல் அந்த ஸ்டுடியோவிலேயே தங்கிவிட்டது. மழை பெய்யத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், இந்திராணி சாப்பிட்டுக் கை கழுவும்போது ஆல்வின் போன் செய்தான்.

"அக்கா, சேனல்ல இருந்து சொல்றாங்க, கொக்குக்கு நல்ல பேராம். அடுத்த எபிசோடுல கொக்கு மட்டும் வருது, திருந்தி அழற மாதிரி. ஆனா நீங்க எதிர்ல இல்லாம இவருக்கு டயலாக்கே வர மாட்டேங்குது. சும்மா அந்த நாற்காலியில வந்து உக்காந்தா போதும்."

"பொம்மிக்கு டயலாக் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை?"

"இவரும் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு சொல்றாருக்கா. இங்கதான் இருக்காரு. குடுக்கவா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். போனாலும் போகலாம், ஒருநாள்தானே, பாவம் அழப்போகிறதாமே என்று பழைய மனசு ஒரு எட்டு எடுத்து வைத்தது. அவள் அதைக் கவனித்தாள்.

"வேண்டாம் ஆல்வின். கொக்குக்கு ஆளை மாத்திக்கோங்க" என்றாள்.

"இவர் என்னக்கா பண்ணுவாரு?"

"அதை அவர் யோசிக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, ஜன்னலைப் பாதி சாத்தி, வெறும் தரையில் பாயை விரித்துப் படுத்தாள். மத்தியானத்தில் படுப்பது அவளுக்குப் புதுசு. படுத்ததும் கண் சொருகியது. கையையும் காலையும் அறை முழுக்கப் பரப்பிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, கீழே ஜுபைதா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் குறட்டை விட்டுத் தூங்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.